மீமிசலைத் தாண்டி

பிப்ரவரி 1, ஞாயிறு. புதுக்கோட்டை

நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். டயர் புதுசு, டியூப் புதுசு, செயின் புதுசு. பழசு என்று இருப்பது அதில் ஏறி உட்காரப் போகிற ஆள்தான். அறுபத்தாறு வயசில் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிறேன் என்றதும் எதிர்வீட்டு டீச்சர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, புத்தி இப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன்.

சத்துணவு மையத்தில் இருபத்தெட்டு வருஷம் பதிவேடு எழுதிய கை இது. எதையும் முதலிலிருந்து எழுதாவிட்டால் எனக்கு ஓடாது. ஆகவே எழுதி வைக்கிறேன்: கூட வருகிறவள் இன்னாசியம்மாள். கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு ஒரு வயசு மூத்தவள். அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவள் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது, என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். அவளுக்கு ஒரே மகன், பிரிட்டோ, ஓசூரில் வேலை. எனக்குப் பிள்ளை இல்லை.

அவள் இருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். போன வாரம் காலி செய்தாள். சாமான்களை இப்போதைக்கு ஆவூரில் தம்பி வீட்டில் போட்டிருக்கிறாள். கன்னியாகுமரிக்குப் பிரிட்டோ காரில் வருகிறான். அங்கிருந்தே அம்மாவை ஓசூருக்குக் கூட்டிப் போய்விடுவான் என்று தெருவே பேசுகிறது. அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

வழியில் அவளிடம் ஒன்று கேட்க வேண்டும். ஓசூர் வேண்டாம், என் வீட்டில் வந்து இரு என்று. மாடி அறையைக் காலி பண்ணி, பெயிண்ட் அடித்து, ஃபேன் மாட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து ஒரு மாசம் ஆகிறது. அவளுக்குத் தெரியாது. பதினோரு நாள் பயணம். ஒரு வார்த்தைதானே, கேட்டுவிடலாம்.

பிப்ரவரி 2, திங்கள். அறந்தாங்கி

முப்பது கிலோமீட்டருக்கு மேல். உட்காருகிற இடம் மரத்துப் போய்விட்டது. இன்னாசி முன்னால் போகிறாள், நான் பின்னால். பள்ளம் வந்தால் இடது கையைத் தாழ்த்திக் காட்டுவாள். நான் ஒதுங்கிக்கொள்வேன். அந்தக் காலத்திலும் இதே ஏற்பாடுதான்.

டீக்கடையில் ஒருவர் எங்கள் இருவரையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்தக் கட்சி ஊர்வலம் என்று கேட்டார். இரண்டு பேர் ஊர்வலத்துக்கு எந்தக் கட்சியைச் சொல்வது? இன்னாசி சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

தங்கல் அவளோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி வீட்டில். இவளுக்கு ஊருக்கு ஊர் ஒரு நர்ஸ் தோழி இருக்கிறாள். எனக்கு இவள் ஒருத்திதான். இன்று கேட்கவில்லை. முதல் நாளே கேட்டால் நன்றாக இராது.

பிப்ரவரி 3, செவ்வாய். மீமிசல்

இந்த ஊரை என்னால் மறக்க முடியாது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பதினாலு பெண்கள் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்பினோம். இரண்டாம் நாள் இங்கே வந்து சேர்ந்ததும் தகவல் வந்தது, பிரிட்டோவுக்குக் கடுமையான காய்ச்சல் என்று. அப்போது அவனுக்கு நாலு வயசு. இன்னாசி பஸ் கூரையில் சைக்கிளைப் போட்டுத் திரும்பினாள். பன்னிரண்டு பேர் மேலே போனார்கள். நான் இன்னாசியோடு திரும்பிவிட்டேன்.

இன்று அதே பஸ் நிறுத்தத்தில் நின்று தண்ணீர் குடித்தோம். ஊர் பெருத்துவிட்டது, நிறுத்தத்தை அடையாளம் காண நேரமானது. இன்னாசி பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு நீ ஏன்டி திரும்புன? உனக்கென்ன புள்ளையா குட்டியா?"

செயின் கழன்று கழன்று விழுந்தது, அதனால்தான் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்கே சிரிப்பு வருகிறது. முப்பத்து மூன்று வருஷம் கழித்து யாராவது செயின் மேல் பழி போடுவார்களா?

நாளை காலை மீமிசலைத் தாண்டுவோம். அதற்கப்புறம் எல்லாமே நாங்கள் இரண்டு பேரும் பார்க்காத ரோடு.

பிப்ரவரி 4, புதன். தொண்டி

கேட்கவில்லை. எதிரில் லாரி, பின்னால் லாரி.

பிப்ரவரி 5, வியாழன். தேவிபட்டினம்

பஞ்சர், அதுவும் ஆள் அரவம் இல்லாத இடத்தில். ஒரு பக்கம் கருவேலங்காடு, இன்னொரு பக்கம் வறண்ட கண்மாய். நான் டயரைக் கழற்றினேன், அவள் முள்ளைத் தேடி எடுத்தாள். காயத்துக்குக் கட்டுப் போடுகிற பதமாக ஒட்டு போட்டாள். நான் பம்பு அடித்தேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று. பேச இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இன்னும் கொஞ்சம் காற்று அடிக்கணும் என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வரவில்லை.

எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை, அதுதான் விஷயம். யாரிடமும் எதையும் கேட்காமல் ஓட்டி வந்த வண்டி. பெற்ற மகன் கூப்பிடும்போது குறுக்கே போய் நிற்க நான் யார்? அவள் முடியாது என்றால் அந்த முகத்தோடு மிச்ச ரோட்டை எப்படி ஓட்டுவது?

சாயங்காலம் பிரிட்டோ போன் பண்ணினான். தினமும் பண்ணுகிறான். மகனோடு பேசும்போது பக்கத்தில் நிற்பது முறையில்லை என்று நான் தள்ளிப் போய்விடுவேன். இன்று ஒரு சொல் காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றாள். எந்தத் தேதியில் போய்ச் சேருவோம் என்று கேட்கிறான் போலிருக்கிறது.

பிப்ரவரி 6, வெள்ளி. ராமநாதபுரம்

மத்தியானமே வந்துவிட்டோம். வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. இந்தக் காற்றுக்கு என்ன அவசரமோ. இப்படியே போனால் மொத்தம் பத்தே நாளில் கன்னியாகுமரியைப் பார்த்துவிடுவோம். எனக்கு அது வேண்டாம்.

நாளை என் வலது முழங்கால் வலிக்கப் போகிறது. முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 7, சனி. ராமநாதபுரம்

வலித்தது. லாட்ஜ் படிக்கட்டில் இறங்கும்போது ஆ என்றேன். அவ்வளவுதான், இன்னாசி நர்ஸாக மாறிவிட்டாள். முழங்காலை அமுக்கினாள், மடக்கினாள், நீட்டினாள். வீக்கம் இல்லையே என்றாள். உள்ளுக்குள் வலிக்கிறது என்றேன். தைலம் வாங்கி வந்து தேய்த்துவிட்டு, ரெண்டு நாள் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டாள். நான் ஒரு நாள்தான் எதிர்பார்த்தேன்.

பொய்க்காலை நீட்டிக்கொண்டு கிடந்தது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், பல வருஷத்தில் இவ்வளவு நல்ல நாள் எனக்கு அமைந்ததில்லை. இருவரும் தலைக்குக் குளித்தோம். அவள் என் தலையைச் சிக்கெடுத்தாள். ஒரே பேப்பரை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி படித்தோம். மத்தியானம் மீன் குழம்பு வாங்கி வந்தாள், முள் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு வலி காலிலா கையிலா என்று கேட்டேன். சும்மா தின்னுடி என்றாள். பிறகு அவள் தூங்கினாள். நான் ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என் வீட்டில் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று. இப்படி இருந்தால் போதும், வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு. ராமநாதபுரம்

காலையில் இன்னாசி கோயிலுக்குப் பூசைக்குப் போனாள். நேரம் கழித்துத்தான் வந்தாள். வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து என் வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கிணற்றில் இப்போது தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, பக்கத்தில் சர்ச்சுக்கு எவ்வளவு தூரம், மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தாயா என்றெல்லாம் விசாரித்தாள். இருக்கிறது, நடக்கிற தூரம்தான், வைத்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"மாடி ரூம்ல என்னடி கெடக்கு?"

"ஓட்ட ஒடசல்தான். எலி ஓடுது" என்றேன்.

இந்த வாய் ஏன் அப்படிச் சொல்லிற்று? மாடியில் ஓட்டை உடைசலும் இல்லை, எலியும் இல்லை. அவளுக்காக அறையைத் தயார் பண்ணி ஒரு மாசமாகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் என்ன நினைப்பாள்? பாவம், தனியாகக் கிடந்து ஏங்குகிறாள் என்று நினைப்பாள். இரக்கப்பட்டு ஒருத்தி என் வீட்டுக்கு வர வேண்டாம். நாளைக்கு நிதானமாக, முறையாகக் கேட்கிறேன்.

அவள் எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். சாயங்காலம் பிரிட்டோ போன் வந்தது. வழக்கமாக அரைமணி நேரம் பேசுவாள், இன்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

அப்புறம் வந்து காலைத் தேய்த்துவிட்டாள். படுத்த பிறகுதான் உறைத்தது, தேய்த்தது இடது கால். நானும் பேசாமல் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 9, திங்கள். சாயல்குடி

கால் சரியாகிவிட்டது என்றேன். தெரியும் என்றாள்.

இவ்வளவு தூரம் ஒரே நாளில் இதுவரை ஓட்டியதில்லை. இன்னாசி எங்கேயும் நிற்கவில்லை. கீழக்கரையில் டீ குடிக்கலாம் என்றேன், ஏர்வாடியில் குடிக்கலாம் என்றாள். ஏர்வாடியில் அடுத்த ஊர் என்றாள். ரோடு முழுக்கப் பனைமரமும் கருவேலமும்தான். பள்ளம் வந்தபோது அவள் கையைக் காட்டவில்லை. மூன்று இடத்தில் நேராக இறங்கினேன், இடுப்பு எலும்பு வரை அதிர்ந்தது. ஏன்டி காட்டல என்று கேட்டதற்கு, மறந்துட்டேன் என்றாள். அவள் மறக்கிறவள் இல்லை.

என் மேல் ஏதோ கோபம். கால் வலிப் பொய் தெரிந்துவிட்டதால் இருக்கும். கோபம் தணியட்டும், பிறகு கேட்கிறேன்.

பிப்ரவரி 10, செவ்வாய். குளத்தூர்

உப்புக் காற்று. உதடு வெடித்துவிட்டது. கேட்கவில்லை.

பிப்ரவரி 11, புதன். தூத்துக்குடி

இன்று முழுக்க உப்பளங்கள். கண் கூசியது. இன்னாசியின் கோபம் போய்விட்டது, பழையபடி கை காட்டுகிறாள். ஆனால் பேச்செல்லாம் ஓசூரைப் பற்றித்தான். அங்கே நல்ல குளிர், ஸ்வெட்டர் இல்லாமல் முடியாதாம். ஆறு மாசப் பேரப்பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டதாம். மருமகள் நல்ல பிள்ளை, அம்மா அம்மா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறதாம்.

நான் ம் கொட்டினேன். சந்தோஷமாக இருக்கிறவளிடம் போய் என்னத்தைக் கேட்பது? குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கினாள். நிறம் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். மஞ்சள் எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் எங்களை அக்கா தங்கச்சியா என்று கேட்டது. ஆமாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்றேன்.

பிப்ரவரி 12, வியாழன். திருச்செந்தூர்

கடலில் கால் நனைத்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அலை போன பிறகும் விடவில்லை. நானும் விடவில்லை.

கேட்கவில்லை. கேட்டால் கையை எடுத்துவிடுவாளோ என்று இருந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி. உவரி

நாளை கன்னியாகுமரி. அந்தோணியார் கோயிலில் இன்னாசி முழங்காலில் நின்றாள், வெகு நேரம். நான் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்தச் சாமியிடம் பழக்கமில்லை. இருந்தாலும் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்: இவளை அனுப்பாதே.

சாமியிடம் கேட்க முடிகிறது, இவளிடம் கேட்க முடியவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாளைக்கு என்ன ஆனாலும் சரி, கேட்டுவிடுவேன்.

பிப்ரவரி 14, சனி. கன்னியாகுமரி

இன்னாசி போய்விட்டாள். நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு ஊருக்குள் நுழைந்தோம். கடைசி இரண்டு கிலோமீட்டர் ரோடு அகலமாக இருந்தது. அவள் வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்தாள். பதிமூன்று நாளில் முதல் தடவையாக இருவரும் ஒரே வரிசையில் ஓட்டினோம். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது, அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கடல் தெரிந்ததும் இறங்கினோம். கத்த வேண்டும், கை தட்ட வேண்டும் என்று முப்பத்து மூன்று வருஷமாக நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கடலோரச் சுவரில் உட்கார்ந்தோம். ஒரு குடும்பம் எங்களிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். எங்களைப் படம் எடுக்கச் சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை.

பிரிட்டோ போன் பண்ணினான். வள்ளியூர் தாண்டிவிட்டானாம், இன்னும் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுவானாம். அவள் போனைப் பையில் வைத்தாள். நான் கேட்டுவிட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"ஓசூருக்குப் போகாத. எங்கூட வந்து இரு."

காதில் விழவில்லையோ என்று திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"போன ஞாயித்துக்கெழம வரைக்கும் அவங்கிட்ட நான் சரின்னே சொல்லலடி" என்றாள். "டைம் கேட்டிருந்தேன். நீ ஏதாச்சும் சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துக்கிட்டே வந்தேன். உன் வீடு, நானா வந்து இருக்கேன்னு எப்புடிக் கேக்குறது? அதான் ரூம்ல என்ன கெடக்குன்னு கேட்டேன்."

மாடியில் எலி இல்லை, ஒரு மாசத்துக்கு முன்பே பெயிண்ட் அடித்து, ஃபேன் போட்டு, கொசுவலை அடித்துப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு என்ன கலரு என்றாள். இளம்பச்சை என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

கால் வலி பொய் என்று முதல் நாளே தெரியும் என்றும் சொன்னாள். நான் நாளைக் கடத்துகிறேன் என்று புரிந்ததாம், சந்தோஷமாக இருந்ததாம். எலி ஓடுது என்றதும், இவளுக்கு வழித்துணைதான் வேண்டியிருக்கிறது, வீட்டுத்துணை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாளாம். அன்று சாயங்காலமே மகனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதை நம்பி மருமகள் பிரசவ லீவை முடித்துக்கொள்வதாக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறது. ஆறு மாசக் குழந்தையை இன்னாசிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த லாட்ஜ் கட்டிலில் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். இரண்டு நாள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன், ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை. மீமிசலிலும் நான் அப்படித்தான் செய்தேன். உனக்காகத்தான் திரும்பினேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, பதினோரு நாளைக்கு முன்பும் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். அது எனக்குத் தெரியாதா என்றாள்.

இனிமேல் மாற்ற முடியாதா என்று கேட்டேன். சின்னப் பிள்ளைடி, நம்பிட்டாங்க என்றாள். அவள் அப்படிப்பட்டவள்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மீமிசலோடு திரும்புகிறவள். வேறு மாதிரி இருந்திருந்தால் எனக்கு அவளை இவ்வளவு பிடித்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

வெயில் ஏறிவிட்டது, சுவர் சுட்டது. எழுந்திருக்க இருவருக்கும் மனசில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நாடி பார்க்கிற நர்ஸ் பிடி.

"இன்னொரு தடவ கேளுடி" என்றாள்.

"என்னத்த?"

"இப்பக் கேட்டியே, அத."

"எங்கூட வந்து இரு" என்றேன்.

முடியாதுடி என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் கேட்கச் சொன்னாள். கேட்டேன். பிரிட்டோவின் கார் வந்து நிற்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.